மாசம் 349 ரேண்ட்தானே என்று கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: அண்ணா, நான் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். என் பழைய போனில் சார்ஜ் நிற்கவே மாட்டேன் என்கிறது. வாட்ஸ்அப், வங்கி ஆப், பேரப்பிள்ளைகளோடு வீடியோ கால், கோயில் விசேஷத்தில் நாலு போட்டோ, அவ்வளவுதான் என் உபயோகம். மாலில் ஒரு போனைக் காட்டி, டேட்டாவோடு மாதம் 349 ரேண்ட், 36 மாதம் என்கிறார்கள். அதே போன் ரொக்கத்துக்கு 4,999. எதை வாங்க? எதைப் பார்த்து வாங்க?

பதில்: அக்கா, முதலில் ஒரு பென்சில் எடுங்கள். 349 பெருக்கல் 36, ஆக 12,564. ரொக்கத்துக்கு வாங்கி மாதம் 100 ரேண்டுக்கு ப்ரீபெய்ட் போட்டுக்கொண்டால் மூன்று வருஷத்துக்கு 3,600. போனோடு சேர்த்து 8,599. கிட்டத்தட்ட நாலாயிரம் வித்தியாசம். வீட்டில் ஃபைபர் இருக்கிறதென்றால் கான்ட்ராக்டில் தரும் டேட்டா பாதிக்கு மேல் தீராமலே போகும். மொத்தப் பணம் கையில் இல்லாதவர்களுக்கு அது ஒரு வழிதான், மறுக்கவில்லை. ஆனால் 36 மாதம் என்பதைச் சும்மா விடாதீர்கள். நம் தென்னாப்பிரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008, இந்த மாதிரி ஒப்பந்தத்துக்கு வைத்திருக்கும் வரம்பு 24 மாதம். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் நீங்கள் தெரிந்தே சம்மதித்திருக்க வேண்டும். அதனால் உங்களுக்குப் பணலாபம் என்று அவர்கள் காட்டவும் வேண்டும். "எனக்கு என்ன லாபம், எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பையன் மேனேஜரைத் தேடிப் போவான். பாதியில் விலக நினைத்தால் 20 வேலை நாள் முன்னால் எழுத்தில் சொல்லிவிட்டு விலகலாம். ஆனால் போனுக்கு நிற்கும் பாக்கியும், நியாயமான ஒரு ரத்துக் கட்டணமும் உங்கள் தலையில்தான்.

இனி போன். கேமராவுக்கு எத்தனை மெகாபிக்சல் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் படிக்கவே வேண்டாம். நான் முதலில் கேட்பது, எத்தனை வருஷத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் வரும் என்பது. வங்கி ஆப் வைத்திருக்கிற உங்களுக்கு இதுதான் முக்கியம். அப்டேட் நின்றுபோன போனில் ஒருநாள் அந்த ஆப்பே திறக்காது. நடுத்தர விலையிலேயே சாம்சங் ஏ16க்கு ஆறு வருஷம் என்று நிறுவனம் சொல்லியிருக்கிறது. இதைவிட மலிவான பல போன்களுக்கு அதில் பாதிகூட இல்லை. ஹுவாவே நல்ல கட்டுமானம்தான், ஆனால் 2019ல் அமெரிக்கா போட்ட தடைக்குப் பிறகு வந்த மாடல்களில் ஆப்களை இறக்கிக்கொள்ளும் கூகுள் ப்ளே கிடையாது. உங்களுக்கு வேண்டிய ஆப் எல்லாம் அதில் ஓடுகிறதா என்று பார்க்காமல் தொடாதீர்கள்.

ஸ்டோரேஜ் 128 ஜிபிக்குக் குறைய வேண்டாம். சொந்தக்காரர்கள் அனுப்பும் காலை வணக்கப் பூக்களும் முருகன் வீடியோவுமே 64ஐ ஒரு வருஷத்தில் நிரப்பிவிடும். ராம் ஆறு ஜிபி இருந்தால் நல்லது, நாலு ஜிபி சமாளிக்கும். பேட்டரி 5,000 எம்ஏஎச். லோட்ஷெடிங், அதாவது முறைவைத்து வரும் மின்வெட்டு, 2023ல் படுத்திய பாடு இப்போது இல்லை என்றாலும், அதை நம்பிச் சின்ன பேட்டரி வாங்க எனக்கு மனசு வராது.

கடையில் நின்றே இரண்டு காரியம் செய்யுங்கள். எழுத்தைப் பெரிதாக்கி, தமிழ் கீபோர்டு போட்டு "வாழைப்பழம்" என்று அடித்துப் பாருங்கள். விரல் ழகரத்தைத் தேடித் தேடித் தவித்தால் அந்தத் திரை உங்கள் கைக்குச் சின்னது. அப்புறம் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாசல் வரை கொண்டுபோய் டர்பன் வெயிலில் பிடித்துப் படியுங்கள். கடைக்குள் எல்லாத் திரையும் பளபளக்கும்.

கடைசியாக ஒன்று, கடைக்காரர் சொல்ல மாட்டார். சார்ஜ் பிரச்சினை உண்மையிலேயே பேட்டரிதானா? போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் சார்ஜ் போடும் ஓட்டையை மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். என் போனிலிருந்து ஒருமுறை பயறு அளவுக்குப் பஞ்சு வந்தது. அன்றோடு சார்ஜ் சரியாக ஏறியது. பேட்டரிதான் போய்விட்டது, ஆனால் போனுக்கு இன்னும் அப்டேட் வருகிறது என்றால் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டு இன்னும் ஒன்றிரண்டு வருஷம் ஓட்டலாம்.

கேள்வி: சார், மிட்ராண்டில் வேலை செய்கிறேன். அடுத்த மாதம் மச்சான் சென்னையிலிருந்து வருகிறான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு போன் வாங்கி வரச் சொன்னால் மிச்சமாகுமா?

பதில்: விலையில் மிச்சமாகலாம். ஆனால் அந்தப் போன் இங்கே கெட்டால் யார் பொறுப்பு? பல ஆண்ட்ராய்டு நிறுவனங்களின் வாரண்டி விற்ற நாட்டோடு சரி. சில சாம்சங் பெட்டிகளில், இந்தப் பகுதி சிம்மைத்தான் முதலில் போட வேண்டும் என்று சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அப்படி இருந்தால் மச்சான் அங்கேயே தன் சிம்மைப் போட்டு ஐந்து நிமிஷத்துக்கு மேல் பேசிவிட்டு வரட்டும். பயணி வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய பொருள்களின் மதிப்பு மொத்தம் 5,000 ரேண்ட். அதற்கு மேல் என்றால் சுங்கத்தில் சொல்லிவிடுவது நல்லது.

இதில் எனக்கே சூடு பட்டிருக்கிறது. டர்பன் டவுனில் ஒரு கடை, பெயர் வேண்டாம். மற்ற இடத்தைவிட 800 ரேண்ட் குறைவு என்று வாங்கினேன். நாலாம் மாதம் மைக் போய்விட்டது. சர்வீஸ் சென்டரில் ஐஎம்இஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்ணை, தட்டிப் பார்த்து, இது இந்த நாட்டுக்கு வந்த சரக்கே இல்லை என்று திருப்பித் தந்துவிட்டார்கள். கிரே இம்போர்ட், அதாவது நிறுவனத்தின் அங்கீகாரம் இல்லாத வழியில் வந்த இறக்குமதி. அப்படிப்பட்ட சரக்கில் கண்ணில் படும்படி அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. என் பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. கடைக்காரர் "ரிப்பேர் பண்ணித் தரேன்" என்றார். 56ஆம் பிரிவைப் பிரிண்ட் எடுத்துக் கவுண்டரில் வைத்தேன். வாங்கிய ஆறு மாதத்துக்குள் பழுது வந்தால் ரிப்பேரா, வேறு போனா, பணமா என்று தேர்ந்தெடுப்பது வாங்கியவர்தான், விற்றவர் இல்லை. ரிப்பேருக்குக் கொடுத்து மூன்று மாதத்துக்குள் அதே கோளாறு திரும்பினால், அப்புறம் வேறு போன் அல்லது பணம்தான். இரண்டு வாரம் நடையாய் நடந்து பணத்தை வாங்கினேன். ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தேன், அதனால் பிழைத்தேன். தெர்மல் ரசீது மங்கிப்போகும், வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து எழுதுகிறேன். தாத்தாவுக்குப் பேசினால் போதும். பழைய பட்டன் போனே போதாதா?

பதில்: பட்டன் போதும், ஆனால் 4ஜி பட்டன் போனாக, வோல்ட்டி (4ஜி வழியாகவே பேசும் வசதி) உள்ளதாகப் பாருங்கள். 2ஜி, 3ஜி இரண்டையும் 2027 முடிவதற்குள் மூட வேண்டும் என்பது அரசின் கொள்கை. இப்போது 2ஜி போன் வாங்கினால் காசு வீண். தாத்தா ஸ்மார்ட்போனுக்குச் சம்மதித்தால், இறக்குமதி விலை 2,500 ரேண்டுக்குள் இருக்கும் போன்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் 9 சதவீத ஆடம்பர வரி இல்லை, அதனால் அடிமட்ட மாடல்களையும் ஒரு பார்வை பாருங்கள். எதை வாங்கினாலும் *#06# அடித்து வரும் ஐஎம்இஐ எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டாக்ஸியில் விட்டுவிட்டு வந்தால் பிளாக் பண்ணச் சொல்லும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.