கோடைக்கால ட்ரவுட்: தூண்டிலுக்கு முன் வெப்பமானி

கோடை தொடங்கியதும் செயற்கை ஈ (பூச்சிபோல் தோன்ற இறகு, நூல் சுற்றிய தூண்டில்முள்) கொண்டு, குளிர்ந்த நீரில் வாழும் ட்ரவுட் மீனைப் பிடிப்பது குறித்துப் பலரும் கேட்டு எழுதுகிறார்கள். முப்பது ஆண்டுகளாக நீலகிரியின் ஓடைகளில் நின்று கற்றுக்கொண்டதை வைத்து, என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

குன்னூரிலிருந்து: ஐயா, ஏப்ரலில் காலை ஏழு மணிக்கு நன்றாக இரை எடுக்கும் ட்ரவுட், பதினோரு மணிக்குப் பிறகு எந்த ஈயைப் போட்டாலும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வெயில் கண்ணைக் கூசுவதாலா?

கண் கூசுவது சிறு காரணம். வெயில் தண்ணீரைச் சூடாக்குவதுதான் பெரிய காரணம். நம் மலையில் வாழும் ரெயின்போ ட்ரவுட்டுக்கு ஏறக்குறைய 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரையிலான நீர் ஒத்துக்கொள்ளும். 18ஐத் தாண்டினால் பசி மந்தமாகும். 20ஐத் தாண்டினால் மூச்சு விடுவதே அதற்குப் பாடாகிவிடும். 25ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. நீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது; அதே நேரத்தில் மீனின் உடலுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் கூடுகிறது. மீன் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது.

நம் மலைக்கென்று இன்னொரு கணக்கும் உண்டு. கடல்மட்டத்தில் 20 டிகிரி நீர், லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றழுத்தம் குறைவு என்பதால், அதே 20 டிகிரி நீரில் சுமார் 7 மில்லிகிராம்தான் தங்கும். வெளிநாட்டுக் கையேடுகள் 20 டிகிரியை எல்லையாகச் சொல்கின்றன என்றாலும், நான் 18ஐத் தொட்டதும் கோலை மடக்கிவிடுகிறேன். மீன் கடிக்கிறதே என்று யாராவது கேட்டாலும் என் பதில் மாறாது. சூடான நீரில் போராடிக் களைத்த மீன், நம் கையிலிருந்து நீந்திப் போனாலும் சற்று நேரத்தில் ஏதாவது ஒரு கல்லடியில் செத்துக் கிடக்கும்.

கொலராடோவில் பணிபுரியும் உதகைக்காரரிடமிருந்து: அண்ணா, இங்கே அணைக்குக் கீழே ஓடும் ஆற்றில் ஜூலை மாதத்திலும் கால் விறைத்துப் போகிறது, ட்ரவுட்டும் நாள் முழுக்க இரை எடுக்கிறது. நம் அவலாஞ்சி, எமரால்டு அணைகளுக்குக் கீழே ஏன் அப்படி ஓர் ஆறு இல்லை?

நல்ல கேள்வி. நான்கு டிகிரி வரை, நீர் குளிரக் குளிரக் கனக்கும். எனவே ஆழமான நீர்த்தேக்கத்தில் கோடை வெயில் மேல்மட்டத்தை மட்டும் சூடாக்க, குளிர்ந்த நீர் அடியில் தங்கிவிடுகிறது. அணையின் அடிப்பகுதியிலிருந்து நீரைத் திறந்தால், சுற்றிலும் பாலைநிலமாக இருந்தாலும் கீழே ஓடும் ஆறு ஆண்டு முழுவதும் குளிர்ந்திருக்கும். நியூ மெக்சிகோவில் 1962இல் கட்டி முடிக்கப்பட்ட நவாஹோ அணைக்குக் கீழே, சான் வான் ஆறு ட்ரவுட்டுக்குப் பெயர்பெற்றது இப்படித்தான். குளிர் மிஞ்சினாலும் கேடு வரும். யூட்டாவின் ஃபிளேமிங் கார்ஜ் அணையில் அடிநீர் மிகக் குளிர்ந்து, கீழே கிரீன் ஆற்றில் ட்ரவுட்டின் வளர்ச்சி குன்றியதால், 1978இல் மேல்மட்ட நீரையும் கலந்து எடுக்கும் அமைப்பைப் பொருத்தினார்கள்.

அந்த அணைகள் அடங்கிய நம் குந்தா மின்திட்டத்தில் நீரின் பாதையே வேறு. அணையில் தேங்கும் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகவும் பின்னர் செங்குத்தான இரும்புக் குழாய்களின் வழியாகவும் கீழேயுள்ள மின்நிலையத்துக்குப் போய்விடுகிறது. அணைக்கு நேர் கீழே பழைய படுகையில் பெரும்பாலும் மிஞ்சுவது கசிவு நீரும், பக்கத்துச் சோலைகளிலிருந்து வந்து சேரும் ஓடைகளும்தான். மேலும், மே மாதத்தில் நீர்மட்டம் வெகுவாக இறங்கிவிடும்போது அடியிலிருந்த குளிர்ந்த படலமும் மெலிந்துவிடுகிறது. ஆகவே, அணையைப் பார்த்தவுடன் கீழே குளிர்ந்த நீர் இருக்கும் என்று முடிவுகட்ட வேண்டாம். கோடையில் நமக்குக் குளிர்ந்த நீரைத் தருவது, வேரடியில் மழையைச் சேமித்துச் சொட்டுச் சொட்டாக விடும் சோலையும் புல்வெளியும்தான்.

கோயம்புத்தூரிலிருந்து: மண்புழுவும் தக்கையும் வைத்து மீன் பிடித்துப் பழகியவன் நான். ஈத்தூண்டிலுக்கு மாறுவது கடினமா?

கை பழக ஒரு மாதம் ஆகும். மற்றத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. இதில் ஈக்குக் கனமே கிடையாது. தடித்த நூல்தான் கனம், அதுதான் ஈயைச் சுமந்து செல்கிறது. திறந்த ஆற்றுக்கு ஒன்பதடி நீளமுள்ள ஐந்தாம் எண் கோல் (எண் கூடினால் நூலின் கனமும் கூடும்) போதும். காட்டுப்பூவரசின் கிளைகள் தலைக்கு மேல் கவிந்திருக்கும் ஓடைகளில் ஏழடிக் கோலே வசதி.

நீங்கள் முதலில் பழக வேண்டியது தூர வீச்சை அன்று, ஈயை இழுபடாமல் மிதக்க விடுவதை. நடு ஆற்றின் வேகமான நீர் நூலை வளைத்து இழுத்தால், ஈ ஒரு சிறு படகைப் போல நீரைக் கீறிக்கொண்டு ஓடும். அதை ட்ரவுட் நம்பாது. ஈ நீரில் விழுந்தவுடன் கோல் நுனியை மெல்லத் தூக்கி, நூலின் நடுப்பகுதியை நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக வளைத்துப் போடுங்கள். அந்த வளைவை நீர் நிமிர்த்தி முடிக்கும்வரை, உதிர்ந்த இலையைப் போல ஈ தானாக மிதந்து வரும்.

கோத்தகிரி கல்லூரி மாணவியிடமிருந்து: எந்த ஈ, எந்த அளவு? கடையில் நூறு வகை வைத்திருக்கிறார்கள்.

கடைக்குப் போகும் முன் ஆற்றில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். முழங்கால் ஆழத்தில், நீர் சலசலத்து ஓடும் இடத்தில் உள்ளங்கை அகலக் கல்லாக எடுங்கள். அதன் அடியில் நெல்மணி அளவுக்கு, மணல் துகள்களை ஒட்டிக் கட்டிய சிறு குழாய்கள் தெரியும். காடிஸ் பூச்சியின் புழு அதற்குள் இருக்கிறது. கல்லோடு கல்லாகத் தட்டையாக ஒட்டிக்கொண்டு, மூன்று மெல்லிய வாலிழைகளோடு நகர்ந்தால் அது மேஃபிளையின் இளம்பருவம். அதைத்தான் நிம்ஃப் என்கிறோம். நூலிழைபோல நெளிவது மிட்ஜ் கொசுவின் புழு. அணைக்குக் கீழே நீர் ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓடும் ஆறுகளில் மிட்ஜ்தான் மீனின் அன்றாடச் சோறு, அதனால் அங்கே 20ஆம் எண், 22ஆம் எண் என்று பொடி ஈக்கள் வேண்டும். எண் கூடக் கூட முள் சிறிதாகும் என்பதை மறக்க வேண்டாம்.

நம் ஓடைகளுக்கு ஒரே ஒரு ஈயைத்தான் எடுத்துப் போகலாம் என்றால், 16ஆம் எண் ஃபெசன்ட் டெயில் நிம்ஃபைத்தான் எடுப்பேன். இங்கிலாந்தின் ஏவன் ஆற்றைப் பராமரித்த ஃபிராங்க் சாயர், ஃபெசன்ட் என்னும் கோழியினப் பறவையின் வால் இறகையும் மெல்லிய செப்புக்கம்பியையும் மட்டும் கொண்டு உருவாக்கியது அது. நூலுக்குப் பதில் செப்புக்கம்பியால் கட்டியதால் தானாகவே ஆழத்துக்கு இறங்கும். மாலையில் மீன் மேலெழும்பி வளையம் போட்டால் மட்டும் மிதக்கும் காடிஸ் ஈக்கு மாறுங்கள்.

கூடலூரிலிருந்து: போன வருடம் நடு ஆற்றுப் பாறையில் நின்றிருந்தபோது திடீரென்று நீர் ஏறிவிட்டது. முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு, ஆனால் எதையும் முழுமையாக நம்பாதீர்கள். மின்தேவை ஏறும் மாலை வேளையில் டர்பைனை ஓட்டுவார்கள். மின்நிலையத்திலிருந்து வெளியேறும் நீர் சில நிமிடங்களில் முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஏறும். நீர் வருவதை எச்சரிக்கும் சங்கொலி, காற்றடிக்கும் திசையைப் பொறுத்துக் கேட்காமலும் போகலாம். நான் இறங்கும்போதே கரையோரம் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொள்வேன். அதன் காய்ந்த மேற்பகுதியில் ஈரம் ஏறினாலோ, தெளிந்த நீரில் சருகும் நுரையும் கூட்டமாக வந்தாலோ, ஆற்றின் ஒலி கனத்தாலோ, மீன் தூண்டிலில் இருந்தாலும் நரம்பை அறுத்துவிட்டுக் கரையேற வேண்டும். ஒருமுறை, இன்னும் ஒரே ஒரு வீச்சு என்று நின்று, நானும் என் தம்பியும் இருள் விழும்வரை அக்கரையில் சிக்கிக்கொண்டோம். அன்று முதல் நான் அக்கரைக்குப் போவதே இல்லை. மேற்கே மேகம் கருத்தாலும் இதே விதிதான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது.

கொடைக்கானலிலிருந்து: இதே கோலால் ஏரியில் கெண்டை பிடிக்கலாமா?

பிடிக்கலாம். ஏழாம் எண் கோலும் தடித்த நரம்பும் வேண்டும்.

உதகையிலிருந்து: ட்ரவுட் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த மீன். நம் ஓடைக்கு அது கேடுதானே? அதைப் பிடித்து ஏன் திரும்ப விட வேண்டும்?

அது அந்நிய மீன்தான். 1863இல் மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே தொடங்கிய முயற்சிகள் தோற்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சனின் முயற்சியால் ரெயின்போ இங்கே வேரூன்றியது, அவலாஞ்சியில் பொரிப்பகமும் வந்தது. ஊனுண்ணி என்பதால் தவளைக்குஞ்சுகளையும் சிறு மீன்களையும் அது தின்னும். ஆகவே, ட்ரவுட் இல்லாத ஓடைக்கு ஒரு குஞ்சைக்கூட வாளியில் கொண்டுபோய் விடாதீர்கள். இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்ள மாட்டேன். 1990இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட முக்குருத்தி, வரையாட்டுக்கும் சோலைக்கும் உரிய இடம். அங்கே கோலோடு போகும் எண்ணமே வேண்டாம். மற்ற இடங்களிலும் மீன்வளத்துறை, வனத்துறை, அணையருகே மின்வாரியம் ஆகியோரின் அனுமதியைப் பெற்ற பின்பே இறங்குங்கள்.

பிடித்ததை விதிப்படி உண்பதாக இருந்தால், உடனே தலையில் ஒரே அடியாக அடித்துக் கொன்றுவிடுங்கள். விடுவதாக இருந்தால் அது பிழைக்கும்படி விடுங்கள். எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிய தூண்டில்முள் விரலால் திருப்பினாலே கழன்றுவிடும். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், காய்ந்த கை மீனின் வழவழப்பை உரித்துவிடும். தலை நீரோட்டத்தை நோக்கி இருக்க, வயிற்றடியில் கையைத் தாங்கலாக வையுங்கள். செவுள் மூடி முதலில் படபடவென்று அடிக்கும், பிறகு நிதானமாகத் திறந்து மூடும், கடைசியில் வால் உங்கள் மணிக்கட்டில் தட்டும். அப்போது கையைத் தளர்த்துங்கள்.

மீண்டும் குன்னூரிலிருந்து: நீங்கள் சொல்லும் வெப்பமானி எது? எப்படிப் பார்ப்பது?

பள்ளி ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையில் கிடைக்கும் சிவப்பு ஆல்கஹால் வெப்பமானியே போதும். பாதரசம் உள்ளது வேண்டாம், உடைந்தால் ஆறு கெடும். அதை ஒரு மூங்கில் குழாயில் செருகி, கயிறு கட்டி, நிழல் விழுந்த இடத்தில் முழங்கை ஆழத்தில் இரண்டு நிமிடம் வையுங்கள். குமிழ் நீரைவிட்டு வெளியே வருவதற்குள் அளவைப் படித்துவிடுங்கள். காலை ஏழுக்கு ஒருமுறை, பத்துக்கு ஒருமுறை, பிறகு அரைமணிக்கு ஒருமுறை.