முட்டி தேயும் என்று உட்கார்ந்துவிடலாமா?

கேள்வி: எனக்கு 54 வயது. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறேன். முட்டியில் குருத்தெலும்புத் தேய்மானம், ஆரம்ப நிலை என்றார் டாக்டர். நடந்தால் இன்னும் தேயும், வீட்டிலேயே இரு என்கிறான் மகன். என்ன செய்யட்டும்?

பதில்: தாராளமாக நடங்கள் அக்கா. மகனுக்கு அக்கறைதான், ஆனால் முட்டியை லாரி டயர் மாதிரி நினைக்கிறார், ஓட ஓடத் தேயும் என்று. டயருக்கு உயிர் இல்லை, மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்புக்கு உண்டு.

அதற்குள் ரத்தக்குழாய் கிடையாது. உயிரணுக்களும் கொஞ்சம்தான். அவற்றுக்குச் சாப்பாடு மூட்டுநீரிலிருந்து ஊறித்தான் வரவேண்டும், காலை ஊன்றி எடுக்கும்போது அந்த நீர் அசைந்து கொடுக்கிறது. அதோடு, எடை இறங்கும்போது உயிரணுவின் தோல் இழுபட்டு அதிலுள்ள நுண்வாசல்கள் திறக்க, கால்சியம் உள்ளே பாய்கிறது. அதுதான் உயிரணுவுக்குச் செய்தி. மிதமான அழுத்தத்துக்கு டிஆர்பிவி4 என்ற வாசல் திறக்கும், குருத்தெலும்புக்கு வேண்டிய சரக்கை உயிரணு கூடுதலாகத் தயாரிக்கும். பலமாக அடிபட்டால் பியெஸோ வாசல்கள் திறந்து, கால்சியம் அளவுமீறி உயிரணுவே சாகலாம். இந்த பியெஸோவை 2010இல் அடையாளம் கண்டது விஞ்ஞானி ஆர்டெம் படபூட்டியனின் குழு. 2021இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

உங்களுக்கு முக்கியமானது தாளம். ஆய்வகத்தில் குருத்தெலும்புத் துண்டை நொடிக்கு ஒருமுறை அழுத்தி விட்டால், ஏறக்குறைய நடக்கிற வேகம், உற்பத்தி கூடுகிறது. விடாமல் அழுத்தியே வைத்தால் குறைகிறது. வாரக்கணக்கில் மாவுக்கட்டுப் போட்ட காலிலோ எடையே இறங்காமல் குருத்தெலும்பு மெலிகிறது. ஆக, நடையைவிட நான் சந்தேகப்படுவது, காலையெல்லாம் மரத்தடியில் குந்தியே பழம் பொறுக்குவதைத்தான். சில நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு வையுங்கள், நீளக் கைப்பிடி வாரி கிடைத்தால் நின்றே கூட்டி அள்ளுங்கள்.

சமதரையில் 15 நிமிடம் நடந்து தொடங்கி மெல்லக் கூட்டலாம். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து தொடைக்குப் பலம் ஏற்றுங்கள். உடம்பு கனமாக இருந்தால், ஒரு கிலோ குறைத்தாலும் ஒவ்வோர் எட்டிலும் முட்டிக்கு ஏறக்குறைய நாலு கிலோ சுமை குறையும். அதற்காக, தேய்ந்துபோனது பழையபடி முளைத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன், அப்படிச் சொல்லி பாட்டிலில் விற்கிறவர்களுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் தூரத்தைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். முட்டி வீங்கினாலோ, மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ உடனே கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.