பௌதிகவியலா, எழுத்தா என்று கேட்ட தாயாருக்கு

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். பன்னிரண்டாம் ஆண்டில் கணிதம், மேலதிகக் கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய நான்கையும் நன்றாகப் படித்துவந்த மகன், பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியமும் படைப்பெழுத்தும்தான் படிக்கப் போவதாகச் சொல்லி, காரணம் கேட்டபோது விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் அலஸ்டர் ரெனோல்ட்ஸின் தடித்த நாவல்களை எடுத்துக் காட்டினார் என்றும், அன்றிலிருந்து வீட்டில் சாப்பாட்டு மேசையில்கூட ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இந்த எழுத்தாளர் யார், எழுத்தை நம்பி அவர் எப்படிச் சீவிக்கிறார், அவரைப் பார்த்து ஒரு பிள்ளை தன் படிப்பை மாற்றிக்கொள்ளலாமா என்ற உங்கள் கேள்விகள் நியாயமானவை. ரெனோல்ட்ஸை நானும் பல ஆண்டுகளாக விரும்பி வாசித்துவருகிறேன். அதனால் அவருடைய வாழ்க்கையை வைத்தே பதில் எழுதுகிறேன். பௌதிகவியலைக் கைவிடுவதற்குச் சாட்சியாக உங்கள் மகன் காட்டும் அந்த மனிதர், எழுத்தாளராக அறியப்படுவதற்கு முன்பே வானியற்பியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர்.

ரெனோல்ட்ஸ் 1966இல் வேல்ஸ் நாட்டின் தென்கரையில் உள்ள பாரி என்ற ஊரில் பிறந்தார். சிறுபராயத்தின் ஒரு பகுதியைக் கோர்ன்வாலில் கழித்துவிட்டு மீண்டும் வேல்ஸுக்கு வந்தார். நியூகாசில் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலும் வானியலும் படித்து, ஸ்கொட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் கலாநிதி ஆய்வை முடித்தார். 1991இல் நெதர்லாந்தின் கடற்கரையோரமாக இருக்கும் நோர்ட்வைக் நகருக்குப் போய், ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் தொழில்நுட்ப மையத்தில் விஞ்ஞானியாக வேலை செய்யத் தொடங்கினார். 2004இல் அந்தத் துறையை விட்டு முழுநேர எழுத்தாளரானார். இந்த 1991, 2004 ஆகிய இரு ஆண்டுகளையும் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனெனில் உங்கள் மகன் 2004இற்குப் பிந்திய ரெனோல்ட்ஸை மட்டும் பார்க்கிறார். நீங்களோ, வேலை எதுவும் இல்லாமல் எழுதிக்கொண்டிருக்கும் ஒருவரைக் கற்பனை செய்து பயப்படுகிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பதின்மூன்று ஆண்டுகள்தான் நாம் படிக்க வேண்டியவை.

அந்த ஆண்டுகளில் எழுத்து எப்படி நடந்தது என்று பாருங்கள். ஆய்வு மாணவராக இருந்தபோதே அவர் சிறுகதைகள் எழுதினார். 1990இல் இங்கிலாந்தின் ‘இன்டர்சோன்’ சஞ்சிகை முதல் கதையை வெளியிட்டது, அப்போது எழுதிய இன்னும் சில கதைகள் அடுத்த இரண்டு ஆண்டுகளில் வெளியாயின. இனி வழி திறந்துவிட்டது என்று யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் 1991 முதல் 1995 வரை அவர் புதிதாக அனுப்பிய ஒருசில கதைகளும் ஏற்கப்படாமல் திரும்பி வந்தன. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். அந்தக் காலத்தில் அவருடைய எழுத்து நேரத்தின் பெரும்பகுதி ஒரே ஒரு நாவலுக்குச் செலவானது. அந்த நாவலே பல மாற்றங்களுக்குப் பின் ‘ரெவலேஷன் ஸ்பேஸ்’ என்ற பெயரில் 2000இல் கொலன்ஸ் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த ‘கேஸம் சிட்டி’ பிரித்தானிய விஞ்ஞானப் புனைகதைச் சங்கத்தின் சிறந்த நாவலுக்கான விருதைப் பெற்றது. விருது கிடைத்த பிறகும் அவர் உடனே வேலையை விடவில்லை. நான்கு பெரிய நாவல்கள் வெளிவந்து வாசகர்கள் நிலைத்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகே விட்டார்.

கதை திரும்பி வந்த அந்த நான்கு ஆண்டுகளில் வீட்டு வாடகையை அவருடைய விஞ்ஞானத் தொழில் கட்டியது என்பதை மகனிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். நான் சொல்கிறேன். தாய் சொன்னால் அது தடையாகக் கேட்கும். வெளியாள் சொன்னால் தகவலாகக் கேட்கும்.

பணத்தைப் பற்றியும் ஒளிவுமறைவின்றி எழுதுகிறேன். 2009இல் கொலன்ஸ் பதிப்பகம் பத்து நாவல்களுக்காக ரெனோல்ட்ஸோடு ஒரு மில்லியன் பவுண் பெறுமதியான ஒப்பந்தம் செய்தது. அச்செய்தியை உங்கள் மகன் நிச்சயம் வாசித்திருப்பார். அது பத்து ஆண்டுகளில் பத்து நூல்களுக்கானது. அதாவது ஒரு நூலுக்கு ஓர் இலட்சம் பவுண், அதிலும் முகவரின் தரகும் வருமான வரியும் கழியும். நல்ல வருமானம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது முதல் கதை வெளியாகிப் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, தன் துறையில் முதல் வரிசையில் இருந்த ஒருவருக்குக் கிடைத்தது. எழுத்தாளர்களுக்குரிய பதிப்புரிமைப் பணத்தை வசூலித்துக் கொடுக்கும் பிரித்தானியச் சங்கத்தின் கணக்கெடுப்பின்படி, வேலை நேரத்தில் பாதிக்கு மேல் எழுத்துக்கே செலவிடுபவர்களின் நடுநிலை ஆண்டு வருமானம் 2006இல் 12,330 பவுணாக இருந்து 2022இல் 7,000 பவுணாகக் குறைந்திருக்கிறது. இதைச் சொல்வது பிள்ளையின் ஆசையை முறிப்பதற்காக அன்று. கணிதத்தில் கெட்டிக்காரரான ஒரு பிள்ளைக்கு இந்த எண்களை மறைத்து ஆலோசனை சொல்வது அவரை மதிக்காத செயல் என்று நான் நினைக்கிறேன்.

இனி, நீங்கள் கேட்காத, ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படும் விடயத்துக்கு வருகிறேன். ரெனோல்ட்ஸின் பௌதிகவியல் அவருடைய சம்பளத்துக்கு மட்டும் உதவவில்லை. அவருடைய கதைகளே அதிலிருந்துதான் முளைத்தன. ஒளியைவிட வேகமாக எதுவும் போக முடியாது என்ற விதியை, விண்வெளிக் கதை எழுதும் பலர் வசதிக்காக ஒதுக்கிவைத்துவிடுவார்கள். ரெனோல்ட்ஸ் தன் முதல் நாவல் வரிசையில் அதற்குக் கட்டுப்பட்டே எழுதுகிறார். அவருடைய கப்பல்கள் ஒளியின் வேகத்தை நெருங்குமே தவிர மிஞ்சுவதில்லை. ஒளி வேகத்தின் 99 சதவீதத்தில் போகும் கப்பலில் ஒரு வருடம் கழிந்தால் வெளியே ஏறத்தாழ ஏழு வருடங்கள் கழிந்திருக்கும். இது பாடப்புத்தகத்தில் ஒரு சமன்பாடு. அவருடைய கதையிலோ அது ஒரு பிரிவு: பயணம் போனவர் சிறிதளவே மூப்படைந்து திரும்பும்போது, வழியனுப்பியவர்கள் முதுமையடைந்திருப்பார்கள் அல்லது இறந்திருப்பார்கள், விட்டுப்போன நகரமே வேறொன்றாகியிருக்கும். ஊரை விட்டு வந்து பல வருடங்களின் பின் திரும்பிப் போய்ப் பார்த்த நம்மைப் போன்றவர்களுக்கு இந்த உணர்வை விளக்க வேண்டியதில்லை. உங்கள் மகனை அந்தப் புத்தகங்களில் பிடித்திழுப்பது இதுவாகவும் இருக்கலாம். ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.

இதேபோல, இவ்வளவு பெரிய, இவ்வளவு பழைய அண்டத்தில் வேறு அறிவுள்ள உயிர்களின் சத்தம் ஏன் கேட்கவில்லை என்று இத்தாலியப் பௌதிகவியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி எழுப்பிய கேள்வியைத்தான் ‘ரெவலேஷன் ஸ்பேஸ்’ தன் அச்சாக எடுத்துக்கொள்கிறது. 2008இல் வந்த ‘ஹவுஸ் ஒஃப் சன்ஸ்’ நாவலில் ஒரு குடும்பத்தின் கிளைகள் பால்வீதியைச் சுற்றி வந்து ஒன்றுகூட இரண்டு இலட்சம் ஆண்டுகள் எடுக்கின்றன. பால்வீதியின் அகலத்தையும் ஒளியின் வேகத்தையும் தெரிந்த ஒருவருக்கே அப்படியொரு குடும்பக் கதை தோன்றும். படைப்பெழுத்து வகுப்பு ஒருவருக்கு வாக்கியத்தைச் செப்பனிடக் கற்றுக்கொடுக்கும், அதன் பெறுமதியை நான் குறைக்கவில்லை. ஆனால் இவ்வகைக் கதைக்கு வேண்டிய விதை ஆய்வுக்கூடத்திலும் விரிவுரை மண்டபத்திலும் கிடைப்பது.

ரெனோல்ட்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரை நீங்களும் அறிவீர்கள். விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 2008இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தவர். கொழும்பில் அவர் பெயரைக் கேள்விப்படாமல் வளர்ந்தவர்கள் குறைவு. சிறுவயதில் ரெனோல்ட்ஸ் வாசித்து வளர்ந்தவை கிளார்க், அசிமோவ் போன்றோரின் கதைகள். 1971இல் கிளார்க் எழுதிய ஒரு குறுநாவலின் தொடர்ச்சியாக, 2016இல் ரெனோல்ட்ஸும் ஸ்டீபன் பாக்ஸ்டரும் சேர்ந்து ‘த மெடூசா குரோனிக்கிள்ஸ்’ என்ற நாவலையே எழுதினார்கள். அந்தக் கிளார்க்கின் ஆரம்ப வாழ்க்கையைப் பாருங்கள்: பல்கலைக்கழகம் போகப் பணமில்லாமல் அரச கல்வித் திணைக்களத்தில் கணக்காய்வாளராக வேலை செய்தார், போர்க்காலத்தில் விமானப்படையில் ரேடாரோடு பணியாற்றினார், போர் முடிந்த பின்னரே இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் கணிதமும் பௌதிகவியலும் படித்து முதல் வகுப்பில் தேறினார். செய்மதிகளைப் பூமிக்கு மேலே ஒரே இடத்தில் நிற்பதுபோல் நிறுத்தித் தொலைத்தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்ற அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1945இல், பட்டம் பெறுவதற்கும் முன்பே வெளிவந்தது.

உங்கள் சகோதரர் மருத்துவம் படிக்கட்டும் என்று வற்புறுத்துவதாகவும் எழுதியிருந்தீர்கள். மருத்துவராக இருந்துகொண்டே எழுதுபவர்கள் இருக்கிறார்கள். ‘ரோஸ்வாட்டர்’ நாவலுக்காக 2019இல் ஆதர் சி. கிளார்க் விருது பெற்ற டேட் தொம்ப்சன் ஒரு மனநல மருத்துவர். அந்த விருதின் பணம் அந்தந்த ஆண்டின் எண்ணே, ஆகவே அவருக்குக் கிடைத்தது 2,019 பவுண். ஆனால் மருத்துவத்தில் விருப்பமே இல்லாத பிள்ளையை அதற்குள் தள்ளுவதற்கு இவரை உதாரணம் காட்டாதீர்கள். அதை நான் ஏற்கமாட்டேன்.

ஒரு தவறை உங்களிடம் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், இதே நிலையில் என்னிடம் வந்த ஒரு மாணவியிடம், பட்டம் முடியும்வரை எழுத்தை மூடி வைக்கும்படி சொன்னேன். அவர் சொன்னபடி கேட்டார், நல்ல பெறுபேறும் பெற்றார். சில ஆண்டுகளின் பின் சந்தித்தபோது, மறுபடியும் எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை என்றார். குற்றஞ்சாட்டும் குரலில் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. பிற்காலத்தில் ரெனோல்ட்ஸின் வாழ்க்கையை அறிந்தபோது என் பிழை எனக்குத் தெளிவாகியது: அவர் ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்கியவர் அல்லர், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்தவர்.

ஆகவே என் ஆலோசனை இது. மகன் பௌதிகவியலுக்கு விண்ணப்பிக்கட்டும். எழுத்தை ஒரு நாளும் நிறுத்த வேண்டாம். பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான யூகாஸ் விண்ணப்பத்தில் ஐந்து தெரிவுகள் உண்டு, ஆனால் இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறேன் என்று மாணவர் எழுதும் தனிநபர் கூற்று ஐந்துக்கும் ஒன்றுதான் போகும். மூன்று இடத்தில் பௌதிகவியலும் இரண்டு இடத்தில் ஆங்கிலமும் போட்டால் எந்த இடத்திலும் அது பொருந்தாது. விஞ்ஞானப் புனைகதை பிடிக்கும் என்று மட்டும் அதில் எழுதினால் பயனில்லை. ஒரு கதையிலிருந்து எழுந்த பௌதிகவியல் கேள்வியைத் தானே கணக்கிட்டுப் பார்த்த அனுபவத்தை எழுதினால், தெரிவு செய்பவர் நின்று வாசிப்பார். கலாநிதி ஆய்வுவரை போகும் எண்ணம் இருந்தால், இங்கிலாந்தில் நான்கு ஆண்டு முதுமாணிப் பட்டத்துடன் இணைந்த கற்கைநெறியே பொருத்தமானது. ஸ்கொட்லாந்துப் பல்கலைக்கழகங்களில் முதல் இரண்டு ஆண்டுகளில் வேறு பாடங்களையும் சேர்த்துப் படிக்க இடமுண்டு, நேர அட்டவணை இடங்கொடுத்தால் ஆங்கில இலக்கியத்தையும் எடுக்கலாம்; ஆனால் அங்கே அதே பட்டத்துக்கு ஓராண்டு கூடுதலாகும், மாணவர் கடனும் அதற்கேற்பக் கூடும், அதைக் குடும்பமாக இருந்து யோசியுங்கள்.

ரெனோல்ட்ஸ் வேலை செய்த நிறுவனத்தின் கதவு பிரெக்சிற்றின் பின் மூடிவிட்டதா என்றும் கேட்டிருந்தீர்கள். மூடவில்லை. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஐரோப்பிய ஒன்றியத்தின் அங்கம் அன்று. பிரித்தானியா இன்றும் அதன் உறுப்பு நாடு. முதுமாணிப் பட்டத்தின் இறுதியாண்டில் இருப்பவர்களும் அதை முடித்தவர்களும் விண்ணப்பிக்கக்கூடிய பட்டதாரிப் பயிற்சித் திட்டமொன்றை அது நடத்துகிறது, பிரித்தானியக் குடியுரிமை உள்ள உங்கள் மகனும் அதற்குத் தகுதியுடையவர். எழுத்தின் பக்கம் ஒரேயோர் எச்சரிக்கை: புத்தகம் போடப் பணம் கேட்கும் எந்தப் பதிப்பகத்துக்கும் ஒரு பவுண்கூடக் கொடுக்க வேண்டாம். ஒழுங்கான பதிப்பகம் எழுத்தாளருக்குப் பணம் கொடுக்கும், அவரிடம் கேட்காது.

இரவில் மடிக்கணினியை எடுத்து வைத்துவிடலாமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. வேண்டாம் அம்மா. பாடசாலை நாட்களில் பத்தரை மணிக்கு மேல் எழுதுவதில்லை, சனிக்கிழமை காலை முழுவதும் எழுத்துக்கு என்று அவரோடு பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வாருங்கள். அந்தச் சனிக்கிழமைக் காலையில் கடைக்குப் போகவோ விருந்தினரைக் கவனிக்கவோ அவரைக் கூப்பிடாதீர்கள். ரெனோல்ட்ஸின் ‘ஸீமா புளூ’ என்ற சிறுகதை 2019இல் நெட்ஃபிளிக்ஸில் பத்து நிமிடப் படமாக வந்திருக்கிறது. அதை மகனோடு உட்கார்ந்து பாருங்கள், பார்த்து முடிந்ததும் அவர் பேசட்டும்.

அடுத்த முறை வரும்போது தனிநபர் கூற்றின் முதல் வரைவையும், எழுதி முடித்த ஒரு கதையையும் அவரையே கொண்டுவரச் சொல்லுங்கள். தொடங்கி நிறுத்தியது வேண்டாம், எவ்வளவு சிறியதாக இருந்தாலும் முடித்த கதை வேண்டும். இரண்டையும் அவர் முன்னிலையிலேயே வாசித்து என் கருத்தைச் சொல்வேன்.

அன்புடன்,
உங்கள் கல்வி ஆலோசகர்