இயர்போனில் தவில் தகரம்போல் கேட்டால்

நண்பரே, காரைக்குடியில் வாங்கிய புது இயர்போனில் தவில் தகரம் தட்டுவதுபோல் கேட்கிறது, திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். முதலில் காதுக்குள் போகும் ரப்பரை மாற்றிப் பாருங்கள். துளி இடைவெளி இருந்தாலும் பேஸ், அதாவது கனத்த அடி ஒலி, கசிந்துவிடும். எனக்கு இடது காதுக்குப் பெரிய ரப்பர், வலதுக்கு நடுத்தரம். காது மடலை மேலே இழுத்துப் பிடித்துச் செருகுங்கள்.

அப்புறம், குன்றக்குடிக் கோயிலில் நேரில் கேட்ட மேளத்தை மனசில் வைத்துக் கேளுங்கள். தவிலில் குச்சி விழும் இடது பக்கமான தொப்பி ‘தொம்’ என்று நிறைவாக ஒலிக்கணும். விரல்களில் மாட்டும் கூடு படும் வலது பக்கமான வலந்தலை பளிச்சென்று தெறிக்கணும். நாகசுரம் இரண்டையும் மூடிவிடக் கூடாது.

பழையதோடு ஒப்பிடும்போது சத்தம் இரண்டிலும் ஒரே அளவில் இருக்கட்டும். சத்தம் கூடினதே நல்லதாகத் தோன்றும். இத்தனைக்கும் பிறகும் தொப்பி வரவில்லையென்றால் தாராளமாகத் திருப்பிக் கொடுங்கள்.