சப்வூஃபரை இயக்கியதும் பேஸ் மெலிந்துபோவது குறித்து

சப்வூஃபரின் (பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கர்) பின்புறமுள்ள ஃபேஸ் சுவிட்சை, அதாவது ஒலி அலையைத் தலைகீழாக்கும் சுவிட்சை, 0 டிகிரியிலிருந்து 180 டிகிரிக்கு மாற்றுங்கள். சப்வூஃபரை இயக்கியதும் பேஸ் கூடாமல் மெலிந்துபோவதாக நீங்கள் எழுதியிருப்பதற்கு வால்யூமைக் கூட்டுவது தீர்வாகாது.

கிராஸ்ஓவரை (எந்த அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்கும் அமைப்பு) 80 ஹெர்ட்ஸில் வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அந்த அதிர்வெண்ணில் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர், ஆகவே முதன்மை ஸ்பீக்கர்களைவிட சப்வூஃபர் உங்கள் இருக்கையிலிருந்து சுமார் 2 மீட்டர் (ஏறத்தாழ அரை அலைநீளம்) கூடுதல் தொலைவில் இருந்தாலே, இரண்டின் அலைகளும் எதிரெதிராக வந்து சேர்ந்து ஒன்றையொன்று பெருமளவு அழித்துவிடக்கூடும். உங்கள் சப்வூஃபர் அறையின் பின்மூலையில் இருப்பதால் இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

உறுதிசெய்ய, 80 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைக் குறைந்த வால்யூமில் ஓடவிட்டு, வழக்கமான இருக்கையில் நீங்கள் அமர்ந்துகொண்டு, வேறொருவரைச் சுவிட்சைத் திருப்பச் சொல்லுங்கள். எந்த நிலையில் ஒலி உரத்துக் கேட்கிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். (நீங்களே எழுந்து சென்று திருப்பினால் ஒப்பீடு தவறிவிடும், பேஸ் அறைக்குள் இடத்துக்கு இடம் அவ்வளவு மாறுபடும்.) சப்வூஃபரின் வால்யூமை அதன் பிறகே சரிசெய்யுங்கள்.

இரு நிலைகளிலும் பேஸ் மெலிந்தே இருந்தால், அறைச் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலிகள் சேர்ந்து உருவாகும் நிலை அலைகளால் ஒலி அடங்கிப்போகும் இடத்தில் உங்கள் இருக்கை அமைந்திருக்கலாம். அதை எந்தச் சுவிட்சாலும் திருத்த முடியாது. சப்வூஃபரையோ நாற்காலியையோ அரை மீட்டர் அளவுக்கு நகர்த்தித்தான் பார்க்க வேண்டும்.