சுகர் 'ரிவர்ஸ்' ஆகுமா? மச்சான் சேர்ந்த திட்டமும் மாமியாரின் இன்சுலினும்

கேள்வி: எனக்கு வயது 47, கருங்கல் பக்கம். கொஞ்சம் ரப்பர் உண்டு, ஒரு பலசரக்குக் கடையும் உண்டு. நாலு வருடமாகச் சுகர். உயரம் 168 செ.மீ., எடை 84 கிலோ, மூன்று மாதச் சராசரி 8.1. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன், பிரஷருக்கும் ஒரு மாத்திரை. கல்ஃபில் இருக்கும் மச்சான் 90 நாள் ஆன்லைன் டயட்டில் சேர்ந்து, 'சுகர் ரிவர்ஸ் ஆகிவிட்டது' என்கிறார். கட்டணம் 28,000 ரூபாய். இரண்டு பேர் சேர்ந்தால் சலுகையாம், அதனால் மாமியாரையும் சேர்க்கச் சொல்கிறார் (வயது 71, எடை 44 கிலோ, 20 வருடச் சுகர், இன்சுலின் போடுகிறார்). முதல் நாளே மருந்தையெல்லாம் நிறுத்த வேண்டுமாம். சேரலாமா டாக்டர்?

பதில்: முதலில் மாமியார் விஷயம். அவரைச் சேர்க்காதீர்கள், இன்சுலினில் யாரும் கை வைக்க வேண்டாம். 20 வருடம் சுகரோடு இருந்து, உடம்பும் மெலிந்து, ஊசிக்கு வந்துவிட்டவருக்குக் கணையத்தில் மிச்சம் இருக்கும் இன்சுலின் அநேகமாகக் கொஞ்சம்தான். ஊசியைத் திடீரென்று நிறுத்தினால் சில நாளில் ஐசியூவில் போய் நிற்கலாம். 44 கிலோ இருப்பவரைப் பட்டினி போட்டுக் குறைக்க அங்கே என்ன இருக்கிறது?

இனி உங்கள் விஷயம். மச்சான் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. டைப் 2 சுகர் மருந்தில்லாமல் கட்டுக்குள் வருவது உண்மைதான். டாக்டர்கள் அதை 'ரிமிஷன்' என்பார்கள், அதற்கு 2021இல் ஒரு பொது வரையறையும் வந்தது: சுகர் மருந்துகளை நிறுத்திக் குறைந்தது மூன்று மாதம் ஆன பிறகும் ஹெச்பிஏ1சி (நீங்கள் சொன்ன அந்த மூன்று மாதச் சராசரி) 6.5க்குக் கீழே இருக்க வேண்டும். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே 6.2 என்று ரிப்போர்ட்டைக் காட்டுகிறவர் நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிறார், அவ்வளவுதான். சோற்றையே தொடாமல் இருந்து, கையில் ஒட்டும் சென்சாரின் கோடு நேராக ஓடுகிறது என்று காட்டுகிறவரிடமும் கொஞ்சம் நிதானியுங்கள். சோறு உள்ளே போகாதபோது சோற்றால் சுகர் எப்படி ஏறும்? மச்சானிடம் மாத்திரையை நிறுத்தி எத்தனை மாதம் ஆயிற்று, அதன் பிறகு எடுத்த ஹெச்பிஏ1சி எவ்வளவு என்று கேளுங்கள்.

இது எப்படி நடக்கிறது என்பதற்குப் பிரிட்டனில் நியூகாஸிலைச் சேர்ந்த ராய் டெய்லர் குழு 2011இல் ஒரு சிறிய ஆய்வில் வழி காட்டியது. 11 பேருக்கு எட்டு வாரம் தினம் 600 கலோரி அளவுக்குத்தான் உணவு. ஒரே வாரத்தில் கல்லீரல் கொழுப்பு கணிசமாக இறங்கி, வெறும் வயிற்றுச் சுகர் சாதாரண அளவுக்கு வந்தது. பிறகு மெல்ல மெல்லக் கணையத்தின் கொழுப்பும் குறைந்து இன்சுலின் சுரப்பு மீண்டது. உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர்' என்று போட்டிருந்தால் அதைச் சும்மா மடித்து வைக்காதீர்கள், கதையே அங்கேதான் தொடங்குகிறது.

அதே டெய்லரும் கிளாஸ்கோவின் மைக் லீனும் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு 2017இல் வந்தது. அதில் சேர்க்கப்பட்டவர்கள் சுகர் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள், 65 வயதைத் தாண்டாதவர்கள், எடை கூடியவர்கள், இன்சுலின் போடாதவர்கள். உங்களுக்குப் பொருந்தும், மாமியாருக்கு ஒன்றுகூடப் பொருந்தாது. மூன்று முதல் ஐந்து மாதம் வரை தினம் 850 கலோரிக்குள் சூப்பும் ஷேக்கும் மட்டும். ஒரு வருடம் கழித்து 46 சதவீதம் பேர் ரிமிஷனில் இருந்தார்கள். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதம், 10 முதல் 15 கிலோ குறைத்தவர்களில் 57, 5 முதல் 10 என்றால் 34. அதாவது வேலை செய்தது எடை குறைந்ததுதான். அந்தச் சூப்புக்கும் ஷேக்குக்கும் மந்திர சக்தி ஒன்றும் இல்லை. இரண்டாம் வருடம் 46 என்பது 36 ஆகியது. ஐந்து வருடம்வரை தொடர்ந்தவர்களில் 13 சதவீதம் பேரே மிஞ்சினார்கள், ஏனென்றால் போன எடை திரும்பி வந்தது. 90 நாளில் எடுத்த போட்டோவை மட்டும் காட்டும் விளம்பரத்தில் இந்த ஐந்தாம் வருடத்தைத் தேடினாலும் கிடைக்காது.

'அந்த ஆய்விலும் முதல் நாளே மாத்திரையை நிறுத்தினார்களே' என்று அந்தத் திட்டத்துக்காரர் சொல்லக்கூடும். ஆமாம், பிரஷர் மாத்திரையையும் சேர்த்தே நிறுத்தினார்கள். ஆனால் அவர்களைப் பக்கத்து கிளினிக்கிலேயே ஒரு நர்ஸோ டயட்டீஷியனோ அடிக்கடி பார்த்தார், சுகரோ பிரஷரோ ஏறினால் மருந்தைத் திரும்பத் தொடங்க முன்கூட்டியே எழுதிவைத்த முறையும் இருந்தது. உங்களுக்கு அதை யார் செய்வார், வாட்ஸ்அப்பில் வரும் 'கோச்'சா?

இதற்கு நேர் எதிராக, மாத்திரையை விடாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்து மாட்டிக்கொள்வதும் நடக்கும். போன வருடம் ஒருவரை மாலை நேரத்தில் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் வரும், அப்படி ஒரு வியர்வை. பெயர் கேட்டால் பதில் இல்லை, விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 46. காலையில் ஒரு கிளாஸ் பொடி கரைத்துக் குடித்திருக்கிறார், மதியம் வெள்ளரிக்காய், கிளிமிபிரைடு மட்டும் வழக்கம்போல இரண்டு வேளை. குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்து 'வீட்டுக்குப் போறேன் சார்' என்றார். விடவில்லை, அந்த மாத்திரையின் வேகம் மணிக்கணக்கில் நிற்கும், சுகர் திரும்ப விழும், ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்தோம். அவர் சட்டைப் பையில் நனைந்து கிடந்த உணவுப் பட்டியலில் கினோவாவும் அவகாடோவும் இருந்தன. மருந்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

அதனால் சேர்வதற்கு முன்னால் அவர்களிடம் கேட்க வேண்டியது இது: என் மாத்திரையை எந்த டாக்டர், எந்த ரீடிங்கைப் பார்த்து, எப்போது குறைப்பார்? நேராகப் பதில் வராவிட்டால் பணம் கட்டாதீர்கள். டாபாகிளிஃப்ளோசின் மாதிரிச் சிறுநீரில் சுகரை வெளியேற்றும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால், மீட்டரில் சுகர் பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. உங்களுக்கு அது இல்லை, மச்சானுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். தொடங்கும் முன் கண் விழித்திரையைப் பார்த்துவிடுங்கள் (நீண்ட நாள் ஏறிக் கிடந்த சுகர் வேகமாக இறங்கும்போது ஏற்கெனவே உள்ள கண் பாதிப்பு சிலருக்குக் கூடும்), கிரியாட்டினினும் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பாருங்கள். அப்புறம், சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று ஒரு மருந்தை விளம்பரம் செய்வதே 1954ஆம் வருடச் சட்டப்படி குற்றம். டயட்டோடு ஒரு 'மூலிகைப் பொடி'யும் அனுப்புகிறார்கள் என்றால் உஷார்.

28,000 கட்டாமல் முடியுமா? முடியும், கொஞ்சம் பிடிவாதம் வேண்டும். நம்ம ஊரில் நான் முதலில் பார்ப்பது மரச்சீனியை, அதாவது மரவள்ளிக்கிழங்கைத்தான். 'சோறு குறைச்சாச்சு டாக்டர், கிழங்குதான்' என்று பெருமையாகச் சொல்வார்கள். 100 கிராம் மரச்சீனியில் 35 கிராமுக்கு மேல் மாவுச்சத்து, அதே எடைச் சோற்றைவிட அதிகம். அதையும் சாளை (மத்தி) மீன் கறியையும் பிரிக்கச் சொன்னால் வீட்டில் என்னைத் திட்டுவார்கள் என்று தெரியும். சாளையைக் கூட்டிக்கொள்ளுங்கள், கிழங்கு உள்ளங்கை அளவு. கஞ்சியில் பயறு முக்கால், அரிசி கால். கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏத்தங்காய் சிப்ஸ் ஜாரை உங்கள் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். மட்டிப்பழம் சின்னதுதானே என்று நாலு உரிக்காதீர்கள். நாலு மணிச் சாயாவில் சீனி வேண்டாம், கூட வரும் பழம்பொரியும் வேண்டாம்.

உங்கள் முதல் இலக்கு 74 கிலோ. ஆறு மாதம் எடுத்தாலும் பரவாயில்லை. இதைத் தொடங்கும் அன்றே உங்கள் டாக்டரைப் பாருங்கள், சாப்பாடு குறையும்போது முதலில் குறைக்க வேண்டியது கிளிமிபிரைடுதான். பிரஷர் மாத்திரையையும் அப்போதே பேசிவிடுங்கள், எடை இறங்கினால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். மெட்ஃபார்மின் கடைசிவரை இருந்துவிட்டுப் போகட்டும், அவசரம் ஒன்றும் இல்லை. முதல் மாதம் வெறும் வயிற்றிலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பும் விரலில் பார்த்து, கடைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள், 70க்குக் கீழே ஒரு எண் வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள்.