பிளஸ் டூ மகன் திடீரென்று அமைதியாகிவிட்டால்...

மகனுக்கு முடி கொட்டுகிறது, காலையில் வயிறு வலிக்கிறது, படித்தது மறக்கிறது, கை நடுங்குகிறது என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கடைசிப் பத்தியில், நல்ல செய்தி சொல்வதுபோல இதையும் எழுதியிருக்கிறீர்கள்: "ஒரு மாதமாகப் பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது டாக்டர். தங்கையோடு சண்டை இல்லை. செல்போன் கேட்பதில்லை. கிரிக்கெட் பேட்டைக்கூட எதிர்வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டான். கேட்டால், இனிமே எனக்கு எதுக்கும்மா என்கிறான்."

அம்மா, அந்த மூன்று பக்கம் அப்படியே இருக்கட்டும். இந்தப் பத்தியை முதலில் பார்ப்போம்.

பரீட்சைப் பயம் உள்ள பிள்ளை புலம்பும், எரிந்து விழும், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடும். பரீட்சை முடிந்த அன்று மாலையே தெருவில் பந்தும் கையுமாக நிற்கும். மனச்சோர்வு வேறு மாதிரி. பிடித்தது ஒவ்வொன்றாகப் பிடிக்காமல் போகும். தூக்கமும் பசியும் மாறும். உட்கார்ந்தாலும் பாடம் ஏறாது. 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் ஒட்டிக்கொள்ளும். இவை அநேகமாகத் தினமும், இரண்டு வாரத்துக்குக் குறையாமல் நீடித்தால் மனநல மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். இந்த வயதில் அது அழுகையாக வருவது குறைவு. எரிச்சலாக வரும், இல்லாவிட்டால் பேச்சு குறையும். பேச்சு குறைந்தால் நம் வீடுகளில் 'பையன் திருந்திவிட்டான்' என்று சந்தோஷப்படுகிறோம்.

பிரியமான பொருளை எடுத்துக் கொடுப்பதும் 'இனிமே எனக்கு எதுக்கு' என்ற பேச்சும் சேர்ந்து வந்தால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்டுத்தான் தீர வேண்டும். படிப்புக்காக விளையாட்டை ஒதுக்கிவைத்தான் என்பதாகவே இருந்துவிடலாம். இருக்கட்டும். ஊகத்தில் விடுகிற விஷயம் இல்லை இது.

இன்றைக்கே கேளுங்கள். எதிரில் உட்காரவைத்து விசாரணை நடத்தாதீர்கள். மாடியில் துணி எடுக்கும்போதோ, கடைக்கு நடந்து போகும்போதோ, பக்கத்தில் இருந்தபடி பேசுங்கள். தங்கை வேண்டாம். மார்க் பேச்சு வேண்டவே வேண்டாம். "பேட்டைக் கொடுத்துட்டியேப்பா, மனசுக்கு என்ன பண்ணுது?" என்று தொடங்கலாம். பிறகு சுற்றி வளைக்காமல், "வாழவே பிடிக்கலைன்னு தோணுதா? செத்துடலாம்னு நினைப்பு வருதா?" என்று கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஏற்படுத்திவிடுவோமோ என்று எல்லாப் பெற்றோரும் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. யாராவது கேட்டுவிட்டார்களே என்று பிள்ளைக்குப் பாரம் இறங்குவதுதான் வழக்கம்.

'ஆமாம்' என்று சொன்னால், "உனக்கு என்ன குறை வெச்சோம்" என்ற வாக்கியம் உங்கள் வாயில் வரக் கூடாது. "சொன்னது நல்லதுப்பா, நான் கூட இருக்கேன்" போதும். எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறானா என்பதையும் கேளுங்கள். யோசித்திருந்தால் அவனை ஒரு நிமிடமும் தனியாக விடாமல், அந்த நேரமே, நடுராத்திரியானாலும், பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வீட்டில் உள்ள மாத்திரைகள், தோட்டத்துப் பூச்சிமருந்து எல்லாவற்றையும் இன்றே வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். முடியாவிட்டால் பூட்டிச் சாவியை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண் 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். நீங்களும் பேசலாம், அவனும் பேசலாம்.

'அதெல்லாம் இல்லம்மா' என்று சொன்னாலும் இந்த வாரத்துக்குள் மனநல மருத்துவரைப் பாருங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 'வெளியே தெரிந்தால் பெயர் கெடும், ஒரு வருடம் வீணாகும்' என்று நீங்கள் எழுதியதுதான் உங்கள் உண்மையான பயம் என்று புரிகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனதைப் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லும் கட்டாயம் உங்களுக்கு இல்லை. தேர்வு போனாலும் ஜூன், ஜூலையில் துணைத்தேர்வு இருக்கிறது. லேசான மனச்சோர்வுக்கு மனம்விட்டுப் பேசும் சிகிச்சையே (கவுன்சலிங்) போதுமானதாக இருக்கலாம். மாத்திரை தேவைப்பட்டால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். தொடங்கிய முதல் சில வாரங்களில் இந்த வயதினருக்குப் படபடப்போ விபரீத எண்ணமோ அதிகமாகலாம் என்பதால் அப்போது கண்காணிப்பும் அதிகம் வேண்டும். பரீட்சை நெருங்குகிறதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இனி அந்த மூன்று பக்கம். தினமும் 50 முதல் 100 முடி எல்லோருக்கும் உதிரும். மூன்று மாதத்துக்கு முன் டெங்கு வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காய்ச்சலுக்கு இரண்டு, மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டி, பிறகு தானே முளைக்கும். எண்ணெய்க்குக் காசு செலவழிக்க வேண்டாம். பள்ளி நாளில் வந்து ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்துக்கொள்ளும் வயிற்றுவலி பெரும்பாலும் பதற்றம்தான். தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, எடை குறைவது, மலத்தில் ரத்தம் போன்றவை இருந்தால் வயிற்றைப் பரிசோதிக்க வேண்டும். மறதிக்கு இணையத்தில் தேடி 'மூளைக் கட்டி' வரை போய்விட்டீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுகிறவனுக்கு மறக்காமல் என்ன செய்யும்? பகலில் படித்ததை மூளை பதியவைப்பது தூக்கத்தில்தான். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை. பருவ வயதில் தூக்கம் வரும் நேரமே ஒன்றிரண்டு மணி தள்ளிப்போகிறது என்பதால் ஒன்பது மணிக்குப் படு என்றால் நடக்காது. பத்தரைக்கு விளக்கை அணைத்து ஆறரைக்கு எழுந்தால் எட்டு மணி நேரம் கிடைத்துவிடும். அதற்கு, ஐந்தரைக்கே எழவைக்கும் காலை டியூஷனை நிறுத்தத்தான் வேண்டும். காபி நான்கு மணிக்கு மேல் கூடாது. குடித்ததில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

ஞாபகசக்தி டானிக் ஞாபகசக்தி தராது. அதைவிட என்னைக் கோபப்படுத்தியது, மாமா வாங்கிக் கொடுத்த தூக்க மாத்திரை. மருத்துவர் சீட்டு இல்லாமல் அந்த அல்பிரசோலம் மாத்திரையை விற்பதே சட்டப்படி தப்பு. அது புதிதாகப் படிப்பதை மூளையில் பதியவிடாது. மறதிக்கு வைத்தியம் பார்க்கிறேன் என்று மறதியைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். கை நடுக்கத்துக்கு நண்பன் கொடுத்தானாமே, புரோபிரனலால் மாத்திரை, அது வீசிங் உள்ளவனுக்கு மூச்சை அடைத்துவிடும். உங்கள் மகனுக்குச் சிறுவயதில் இன்ஹேலர் இருந்தது என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். புரோபிரனலாலை உடனே நிறுத்துங்கள். தூக்க மாத்திரையைத் தினமும் பல வாரம் போட்டிருந்தால் மட்டும் சட்டென்று நிறுத்தாமல், எப்படிக் குறைப்பது என்று மருத்துவர் சொல்லட்டும். அதுவரை அட்டை உங்களிடம் இருக்க வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது டானிக் பாட்டில் உட்பட எல்லா அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். ஹீமோகுளோபினும் தைராய்டும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அவை குறைந்தாலும் சோர்வு இப்படித்தான் இருக்கும். உள்ளே பேசும்போது பாதி நேரமாவது நீங்கள் வெளியே உட்கார்ந்திருங்கள்.